பாப்பாவுக்கு, அந்தச் சுவரைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய வீட்டுப் படங்களைத் தம்பி டி.வி.யில் போட்டுப் பெரிதாகக் காட்டினான். பக்கத்து வீட்டு அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினேன், கோவித்துக்கொள்ளாதே. ஆரப்பாளையத்தில் விடியற்காலை பஸ் ஏறிக் கொடைக்கானல் போய், லாட்ஜுக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் அன்றைக்கே இறங்கி வந்த குடும்பம் நாம். அந்த ஊரில் நீ உன் சம்பாத்தியத்தில் வீடு கட்டுகிறாய். அப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சைட்டைப் பார்க்கிற சாக்கில் வாரம் ஒருமுறை மலையேறியிருப்பார்.

போனில் சொல்லலாம்தான். "மீட்டிங்கில் இருக்கேன்மா" என்பாய். படம் மட்டும் வருகிறது, குரல் வருவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான். அவன் படிக்க மாட்டான், அவனுக்கு என் கையெழுத்து புரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குக் கீழே 12 அடி உயரத்துக்கு வழவழவென்று ஒரு தாங்கு சுவர் நிற்கிறதே, அதில் ஒரு ஓட்டைகூட இல்லை. பெங்களூரு ஆர்க்கிடெக்ட், படம்தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் படத்தில் இல்லாதது சைட்டில் வராது. அப்பா நோட்டில் எத்தனை இடத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார் என்று உனக்கே தெரியும். சுவரை மண் தள்ளுவது ஒரு பங்கு என்றால், அந்த மண்ணில் தேங்குகிற தண்ணீர் தள்ளுவது இன்னொரு பங்கு. தண்ணீருக்கு வழி விடாவிட்டால் எவ்வளவு கம்பி போட்டாலும் சுவர் ஒருநாள் வயிறு தள்ளும். ஐந்தாறு அடிக்கு ஒரு வீப் ஹோல், அதாவது தண்ணீர் வடிகிற ஓட்டை, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் மாற்றி மாற்றி, மூன்று அங்குலக் குழாய், வெளிப்பக்கம் சாய்வாக. குழாய்க்குப் பின்னால் ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி. துணி இல்லையென்றால் இரண்டு மழையில் மண் வந்து ஜல்லியை அடைத்துவிடும். அப்புறம் ஓட்டை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். கடைசியில் பூச்சு வேலைக்கு வருகிற ஆட்கள் "பார்க்க அசிங்கமா இருக்கு" என்று சிமென்ட் வைத்து அடைப்பார்கள். பசுமலையில் அப்பா ஒத்துக்கொண்ட அந்த காம்பவுண்டில் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

12 அடியை ஒரே சுவராக ஏன் எழுப்ப வேண்டும்? ஆறு ஆறு அடியாக இரண்டு சுவர், நடுவில் நல்ல இடைவெளி விட்டு ஒரு தட்டு. அதில் நீ ஆசைப்பட்ட ஹைட்ராஞ்சியா வைத்துக்கொள். கருங்கல் கட்டு என்றால் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. இது மேஸ்திரிக் கணக்கு. உன் இன்ஜினியர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து வேறு சொன்னால் அவர் சொல்கிறபடி செய். ஆனால் சைட்டை நேரில் பார்த்த இன்ஜினியர் சொல்லட்டும்.

இன்னொன்று. படத்தை உற்றுப் பார்த்தால் வீட்டின் பின்பாதி வெட்டு மண்ணிலும், முன்பாதியும் நீச்சல்குளமும் கொட்டு மண்ணிலும் நிற்கிறது. பாதி கெட்டி, பாதி தளர்ச்சி. அப்படி நின்றால் கட்டடம் சீராக இறங்காது, சேர்கிற இடத்தில் விரிசல் விடும். கொட்டின மண்ணை எவ்வளவு திமுசு போட்டு இடித்தாலும் மலைச் சரிவில் நம்பக் கூடாது. தூண் எல்லாம் கொட்டு மண்ணைத் தாண்டிக் கீழே கெட்டிப் பாறையில் போய் உட்கார வேண்டும். பழனி மலைப் பாறை சார்னகைட், நல்ல கெட்டி. ஆனால் மேலே எத்தனை அடி இற்றுப்போன மண் இருக்கிறது என்று போர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு இடத்தில் போட்டால் போதாது, சரிவின் மேலே, நடுவே, கீழே மூன்றிலும் போடச் சொல். மண் பரிசோதனைக்கு ஆகிற செலவு உன் சமையலறைக் கல்லுக்கு ஆகிற செலவில் ஒரு ஓரம்.

நீச்சல்குளம் 33 அடி நீளம், 13 அடி அகலம், 4 அடி ஆழம் என்று எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டேன், 48 டன் தண்ணீர். நாலு தண்ணி லாரியைச் சுவரின் தலையில் நிறுத்தி வைப்பதற்குச் சமம். அதுவும் அந்தக் குளிரில் யார் குளிக்கப் போகிறார்கள்? சரி, உன் இஷ்டம். வேண்டும் என்றால் வெட்டுப் பக்கம் தள்ளி வை. "விளிம்பில் இருந்தால்தான் பள்ளத்தாக்கோடு சேர்ந்த மாதிரி தெரியும்" என்று நீ எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பயம்.

நிலத்தின் போட்டோவில் கீழ்ப்பக்க மரங்களைப் பார்த்தாயா? அடிமரம் வளைந்து, அப்புறம் நேராக நிற்கிறது. மண் மெல்ல மெல்லக் கீழே நகர்கிற இடத்தில்தான் மரம் பல நேரம் அப்படி வளரும். எல்லா வளைந்த மரத்துக்கும் அதுதான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அங்கே எந்த இடத்தில் ஊற்று கிளம்புகிறது என்று கீழ்வீட்டுக்காரர்களைக் கேள், புரோக்கரைக் கேட்காதே. 2024 டிசம்பர் 1 திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின் மேல் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். டி.வி.யை அணைத்துவிட்டு உனக்குத்தான் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதே வருஷம் ஜூலையில் வயநாடு. இதையெல்லாம் சொன்னால் அம்மா பயமுறுத்துகிறாள் என்பாய்.

கூரைத் தண்ணீரையும் யோசி. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குலம் பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல். உன் கூரை அதைப் போல நாலு மடங்கு. அதை அப்படியே சரிவில் விட்டால் சுவருக்குப் பின்னால்தான் போய் நிற்கும். குழாயில் பிடித்து, தொட்டி நிறைந்தது போக மிச்சத்தைக் கீழே ஓடை வரைக்கும் கொண்டுபோய், கல் பதித்த இடத்தில் விடு. வீட்டுக்கு மேல்பக்கம் குறுக்கே ஒரு வடிகால் வெட்டி, மேலேயிருந்து வருகிற வெள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடு. செப்டிக் டேங்க் உறிஞ்சு குழியைச் சுவருக்கு மேல்பக்கம் தோண்டவிடாதே. வீப் ஹோலை மறக்காதே.

பத்திர நகலும் பார்த்தேன். உன் பெயர் மட்டும் இருக்கிறது. நல்லதுதான். பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறதாமே, அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சத்துக்குள் இருக்கிற சொத்துக்கு மட்டும்தான் என்று தம்பி சொன்னான். உன் இடம் அதைத் தாண்டிப் பல மடங்கு. சரி, வேறு காரணம் இருக்கும். அதை நான் கேட்கவில்லை.

நான் கேட்பது அனுமதியைப் பற்றி. அந்தப் பக்கத்துக் கிராமங்கள் மலைக் கிராமப் பட்டியலில் வரும், 1990 அரசாணை. ஊராட்சி ரசீதைக் காட்டி "அப்ரூவல் ஆயிடுச்சு மேடம்" என்றால் நம்பாதே. ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு வனத்துறை, சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். பொக்லைன் இறக்குவதற்கும் தனியாக அனுமதி வாங்கு. அதே ஊரில் ஒரு ஹோட்டலுக்கு விதிக்கு மேல் மாடி கட்ட விட்ட வழக்கில்தான் 2000ஆம் வருஷம் முன்னாள் முதலமைச்சருக்கே தண்டனை வந்தது. மேல்முறையீட்டில் விடுதலையானது வேறு கதை. நமக்கு யார் இருக்கிறார்கள்?

பிளானில் ஒரு படிப்பறை, அதில் ஒரு மேஜை. பழைய ஃபிளாட்டில் இரண்டு மேஜை போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளையின் மிருதங்கத்தை எங்கே வைப்பதாக யோசனை? அந்த ஊர் மூடுபனியில் தோல் தொய்ந்துவிடும். ஈரம் ஏறாத அறை ஒன்று, மேற்கு வெயில் படுகிற மாதிரி, இப்போதே ஒதுக்கினால்தான் உண்டு. கட்டி முடித்த பிறகு சுவரை இடிக்க முடியாது. பாப்பு அறைக்கு வெளியே கண்ணாடிக் கைப்பிடி வேண்டாம், கம்பி போடு. அவள் எதன் மேலும் ஏறுவாள், உன்னைப் போலவே. ராத்திரியில் காட்டுமாடு வீட்டு வாசல் வரைக்கும் வருகிற ஊர். நீ வேலை வேலை என்று பெங்களூருக்கும் கொடைக்குமாக அலையும்போது பிள்ளையோடு அங்கே யார் இருப்பார்கள்? நான் வருவேன். ரோட்டிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்று மட்டும் சொல், முட்டியைத் தயார் பண்ணிக்கொள்கிறேன்.

சின்ன மாமா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் உன் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள், எப்போதும் போல. செல்லூர் சித்தப்பா அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், இதை நீ நம்ப மாட்டாய். மற்றபடி வெயில்.

வீட்டுக் கடன் எவ்வளவு என்று கேட்டால் "அதெல்லாம் சமாளிச்சுக்குவேன்மா" என்பாய். சமாளிப்பாய், தெரியும். நீ சின்ன வயசிலிருந்தே சமாளிக்கிறவள்தான். தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா நோட்டு என் பீரோவில்தான் இருக்கிறது. திண்டுக்கல் மேஸ்திரி இப்போதும் வேலை செய்கிறார். மலையில் கல் கட்டத் தெரிந்த ஆள், பெங்களூருக்காரர்களோடு ஒருநாள் சைட்டுக்கு வரச் சொல்கிறேன். கொத்தனார், சித்தாள் எல்லாரையும் கீழேயிருந்து ஏற்ற வேண்டும். கூலி கூடும், தங்க இடமும் சாப்பாடும் நீதான் பார்க்க வேண்டும். மழைக்கு முன்னால் சுவர் வேலையை முடி. முடியாது என்றால் தை பிறக்கட்டும், அதுவரை சரிவில் கையே வைக்காதே. வெட்டிய மண்ணைத் திறந்து போட்டு ஐப்பசி மழையைத் தாண்டக் கூடாது.

மண் பரிசோதனை அறிக்கை வந்ததும் ஒரு நகல் அனுப்பு. இந்தச் சுவர் விஷயத்தை மாப்பிள்ளைக்கும் தனியாக ஒரு கடிதத்தில் எழுதலாம் என்று இருக்கிறேன், அவர் பொறுமையாகப் படிப்பார். எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
அம்மா
விளாங்குடி, மதுரை