மூன்று நாளில் காலியான கண்ணாடிப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தையொட்டி எங்கள் மலையகத் தோட்டப் பகுதிக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் நடந்த கண்காட்சி பற்றித் தங்கள் பத்திரிகையில் சிறு செய்தி வந்திருந்தது. இடம் போதாமல் இருந்திருக்கலாம், அங்கே என்ன வைத்திருந்தார்கள் என்பது அதில் இல்லை. மூன்று நாளும் போய்ப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

வழக்கம்போல் புதிய புத்தகங்களை மேசையில் அடுக்கியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அதுவும் இருந்தது. ஆனால் நூலகப் பொறுப்பாசிரியை ஒரு மாதத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் வேறொரு வேலை கொடுத்திருக்கிறார். "வீட்டுப் பெட்டியில் இருக்கிற பழைய கடதாசி எதுவானாலும் பெரியவர்களிடம் கேட்டுக் கொண்டுவாருங்கள்" என்று. அவர்கள் கொண்டுவந்தவைதான் கண்ணாடிப் பெட்டியை நிறைத்திருந்தன: சம்பளத் துண்டுகள், தொழிற்சங்கச் சந்தாச் சீட்டுகள், ஓரம் கிழிந்த பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், தோட்டத்து இலக்கம் பொறித்த ஒரு தகர டிக்கட். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டி வந்தவர்களுக்கு அந்த நாளில் கொடுத்த டிக்கட் அது. நாற்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தும் அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். விளிம்பு தேய்ந்து, கயிறு கோத்த துளை மட்டும் பளபளவென்று இருந்தது.

இரண்டாம் நாள் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அம்மா ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், பேத்தி அங்கே உயர்தரம் படிக்கிறாள். அவருடைய குடும்பக் கடவுச்சீட்டும் பெட்டிக்குள் இருந்தது. படத்தில் ஆறு பேர். மடியில் கைக்குழந்தையோடு நெற்றி நிறையப் பொட்டு வைத்த இளம்பெண் அவர்தான். பேத்தி பக்கத்தில் இருந்த அட்டையை வாசித்துக் காட்டினாள். இங்கே பிரஜாவுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழரைப் பற்றி இரு நாட்டுப் பிரதமர்களும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானதையும், மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டதையும், 1984இல் இந்தியாவுக்கான கப்பல் நின்றுபோனதால் கடவுச்சீட்டு எடுத்திருந்தும் போக முடியாமல் பலர் இங்கேயே தங்கியதையும் பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா பொறுப்பாசிரியையிடம், "ஏம்மா, இது புஸ்தகம் இல்லியே, இத எதுக்கு லைபிரரியில வச்சிருக்கீங்க?" என்றார். "நாளைக்குப் புத்தகம் எழுதுறவங்க இதப் பாத்துத்தான் எழுதணும் அம்மா" என்றார் அவர்.

புதிய வசதிகளையும் சொல்ல வேண்டும். தமிழிலக்கிய அலுமாரியில், 894.811 என்ற நூலகப் பகுப்பு இலக்கத்தின் கீழ், மலையக எழுத்தாளர்களுக்கென்று தனித் தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு சிறுகதைத் தொகுதியை எடுத்துப் பின்னட்டையில் திகதிச் சீட்டைப் பார்த்தேன், மூன்றே மூன்று முத்திரைகள். உசாத்துணைப் பகுதியில் இரண்டு கணினிகள் புதிதாக வந்திருக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தை அதில் திறந்து பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் பிள்ளைகளே தேடி எடுக்கிறார்கள். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரைப் பற்றியும், தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடிய அவர் மனைவி மீனாட்சியம்மையைப் பற்றியும் சுவரில் ஒட்டியிருந்தது அப்படித் தேடி எழுதியதுதான். 2020இல் கொரோனாக் காலத்தில் சிக்னலுக்காகக் கல்மலை ஏறி உட்கார்ந்த பிள்ளைகள் இவர்கள். ஒரு மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தேடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

இனி என் மனக்குறை. நான்காம் நாள் எல்லாக் கடதாசியையும் பொலித்தீன் பையில் போட்டு அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் அவற்றைப் படம் பிடிக்கவில்லை, எது எந்தத் தோட்டத்து ஆளுடையது என்று எழுதி வைக்கவுமில்லை. கடவுச்சீட்டு மறுபடியும் கூரை ஒழுகும் அறையில் தகரப் பெட்டிக்குப் போய்விட்டது. எங்கள் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை சுவர் காயாது. இரண்டு பக்கங்கள் பூஞ்சணம் பிடித்து ஏற்கனவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1983 இனக்கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் கடதாசிகள் சாம்பலாயின. மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டாமா?

மூலப்பிரதியை நூலகம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிரஜாவுரிமைக் கடதாசியைக் கைவிட எங்கள் ஆட்களுக்குப் பயம். 2003இல் சட்டம் வந்து எல்லோருக்கும் உரிமை கிடைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. கடதாசி வீட்டுக்காரரிடமே இருக்கட்டும். கொடுக்கும் நாளில் ஒரு ஸ்கேன் எடுத்து, பெயர், தோட்டம், டிவிஷன், அவர் சொன்ன விபரம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டால் போதும். வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் மற்றவர்களுக்குக் காட்டலாம். கூடவே பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லியனுப்ப வேண்டும்: பழைய கடதாசியை லெமினேட் பண்ணாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். லெமினேட் பண்ணியதைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு, டேப்பின் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். நல்லெண்ணத்தோடு பாதுகாத்து அப்படிப் பாழாய்ப்போன பிறப்புப் பத்திரங்கள் இரண்டை அந்தப் பெட்டியிலேயே பார்த்தேன்.

கண்ணாடிப் பெட்டி இப்போது காலியாக இருக்கிறது. மாதம் ஒரு தோட்டம் என்று முறை வைத்து அதை வருடம் முழுக்க நிறைக்கலாம். சனிக்கிழமை காலையில் பெற்றோரும் பழைய மாணவரும் நூலகத்துக்குள் வர அனுமதி கொடுக்கலாம். பொறுப்பாசிரியை ஒருவரே பாடமும் எடுத்து, புத்தகமும் கொடுத்து, இதையும் பார்க்க முடியாதென்பது எனக்குப் புரிகிறது. ஆகவே அதிபர் அவர்களின் பார்வைக்கு இக்கடிதம் படுமானால் ஒன்றைத் தெரிவிக்க விரும்புகிறேன். சனிக்கிழமைகளில் வந்து பதிவேடு எழுத என்னோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவர் தயாராக இருக்கிறோம். ஸ்கேனர் ஒன்றும் எங்களில் ஒருவரிடம் இருக்கிறது. ஈரச் சுவரை ஒட்டாத ஒரு மேசை தந்தால் இந்த மாதமே தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
நோர்வூட்.