அப்டேட்டுக்குப் பின் நின்றுபோகும் மெயில்கள்

ஆசிரியருக்கு,

பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனை முன்பதிவு, கடை ஆர்டர் என எல்லாவற்றுக்கும் இன்று இணையதளப் படிவம்தான். நிரப்பியவருக்குத் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வருகிறது. நிர்வாகத்தின் மெயில் பெட்டிக்கு எதுவும் வருவதில்லை. சர்வரிலோ தளத்திலோ அப்டேட் போட்ட பிறகு இப்படி நடப்பது சகஜம். தளம் வழக்கம்போல் திறப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, நட்டம் விண்ணப்பித்தவருக்கு. தளங்களைப் பராமரிப்போர் கவனத்துக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பல தளங்கள் எழுதப்பட்டிருக்கும் பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் மெயில் ஃபங்ஷன் (மெயில் அனுப்பும் கட்டளை) வெற்றி என்று பதில் தந்தால், அதே சர்வரிலுள்ள மெயில் நிரல் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எனவே பிளக்-இன்களை (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்களை) ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதற்கு முன், கடிதம் எங்கே நின்றது என்று பாருங்கள். ஒரு சோதனைப் படிவத்தை அனுப்பிவிட்டு, அந்த நிமிடத்துக்குரிய மெயில் லாகை (சர்வர் எழுதிவைக்கும் மெயில் பதிவேட்டை) திறக்க வேண்டும். 'டெஃபர்டு' என்றிருந்தால் கடிதம் வரிசையில் காத்திருக்கிறது. 'பவுன்ஸ்டு' என்றால் மறுக்கப்பட்டுவிட்டது. காரணம் அதே வரியில் எண்ணோடு இருக்கும். 'சென்ட்' என்றும் 250 என்றும் இருந்தால் அடுத்த சர்வர் ஏற்றுக்கொண்டது. பெறுபவரின் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கலாம். ஒரு வரியும் இல்லாவிட்டால் கோளாறு தளத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளி எஸ்.எம்.டி.பி. (மெயில் அனுப்பும் நெறிமுறை) சர்வருக்கு நேரடியாக அனுப்பும் பிளக்-இன் இருந்தால் மட்டும், உள்ளூர் லாகுக்குப் பதில் அந்த பிளக்-இன்னின் லாகைப் பார்க்க வேண்டும்.

தளத்துக்குள் என்றால், பி.எச்.பி. பதிப்பு மாறியதா என்பதே என் முதல் கேள்வி. உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் ஓடும் சர்வர்களில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி பி.எச்.பி. அமைப்புக் கோப்பு உண்டு. 7.4-இலிருந்து 8.1-க்குப் போகும்போது பழைய கோப்பில் கையால் எழுதிய சென்ட்மெயில் பாதை (மெயில் நிரல் இருக்கும் இடம்) புதிய கோப்புக்குத் தானாக வராது. இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டாலே பாதி வழக்குகள் முடியும். இன்னொன்று: 8.0 முதல் மெயில் தலைப்புகளின் (அனுப்புநர், பெறுநர் போன்ற விவர வரிகளின்) வரி முடிவுக் குறி மாறியது. சில பழைய மெயில் நிரல்கள் இதைத் தவறாகப் படிப்பதால், தலைப்பு வரிகள் கடிதத்தின் உடலுக்குள் கொட்டிக் கிடக்கும். பழையபடி அனுப்ப 8.2.4-இல் ஓர் அமைப்பு தந்திருக்கிறார்கள், ஆனாலும் எஸ்.எம்.டி.பி.க்கு மாறிவிடுவதே நல்லது.

தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பில், மெயில் அனுப்பும் நிரலான பி.எச்.பி.மெய்லரை 5.2-இலிருந்து 6-க்கு உயர்த்தி, கோப்புகளையும் இடம் மாற்றியது. பழைய இடத்தை நேரடியாகச் சுட்டும் பிளக்-இன்னோ தீமோ (தளத்தின் தோற்ற வடிவமைப்போ) இன்னும் இருந்தால் அதைத் திருத்த வேண்டும். பி.எச்.பி.யில் தளம் எழுத உதவும் லாரவெலிலும் 9-ஆம் பதிப்பில் ஸ்விஃப்ட்மெய்லர் என்ற மெயில் நிரல் போய் சிம்ஃபோனி மெய்லர் வந்தது. அங்கே கியூ வொர்க்கரை (வரிசையில் உள்ள வேலைகளைப் பின்னணியில் செய்யும் நிரலை) மறுதொடக்கம் செய்யாவிட்டால், அப்டேட்டுக்கு முந்தைய நிரலே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்.எம்.டி.பி.யில் 535 என்று வந்தால் பாஸ்வேர்டு போன்ற உள்நுழைவு விவரத்தில் சிக்கல். ஜிமெயிலுக்கு இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆப் பாஸ்வேர்டு ரத்தாகிவிடும். போர்ட் (இணைப்பு வாசல் எண்) 465 என்றால் தொடக்கத்திலிருந்தே டி.எல்.எஸ். என்ற மறையாக்கம், 587 என்றால் இணைந்த பிறகு மறையாக்கத்துக்கு மாறும் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். இரண்டையும் மாற்றிப் போட்டால் இணைப்பு தொங்கி நிற்கும் அல்லது பிழையோடு முறியும்.

சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்ற பிழைக்குச் சான்றிதழ் சோதனையை நிறுத்திவிடச் சொல்லும் யோசனை இணையமெங்கும் கிடைக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எதிரே இருப்பது யார் என்று பாராமல் பாஸ்வேர்டைக் கொடுப்பதாகும் அது. ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிரும் பகிர்வு ஹோஸ்டிங்கில் சான்றிதழ் பெரும்பாலும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயரில் இருக்கும். உங்கள் டொமைனுக்கு (தளத்தின் இணையப் பெயருக்கு) பதில் அந்தப் பெயரை ஹோஸ்ட் கட்டத்தில் எழுதினால் பிழை நீங்கும்.

550 5.7.26 என்று ஜிமெயில் திருப்பினால் நிரலைத் தொட வேண்டாம். அது டொமைனின் அடையாளச் சிக்கல். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்.பி.எஃப். (எந்த சர்வர்கள் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டி.கே.ஐ.எம். (கடிதத்தில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) கட்டாயம். அப்டேட்டோடு சர்வரின் ஐ.பி. (இணைய முகவரி எண்) மாறியிருந்தால் எஸ்.பி.எஃப். பதிவிலும் மாற்ற வேண்டும். பலர் பழைய பதிவை நீக்காமல் புதிதாக இன்னொரு பதிவைச் சேர்க்கிறார்கள். ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப். பதிவுகள் இருந்தால் இரண்டுமே செல்லாது. அனுப்புநர் முகவரியாகப் படிவம் நிரப்பியவரின் ஜிமெயிலைப் போடும் வழக்கத்தையும் விட வேண்டும். அவர் முகவரி, பதில் போகும் முகவரியான 'ரிப்ளை-டு'வில் இருந்தால் போதும்.

கோளாறு தீர்ந்ததும் வரிசையில் தேங்கியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துவிடக் கூடாது. சர்வரிலுள்ள மெயில் நிரல்களில் ஒன்றான போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை வழக்கமாக 5 நாள் வைத்திருக்கும். அதில் காலாவதியான ஓ.டி.பி.களும் இருக்கும், அவற்றை நீக்கிவிட்டு மற்றவற்றை அனுப்புங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் கைவிட்ட கடிதங்களை வரிசையிலிருந்து மீண்டும் அனுப்ப முடியாது. ஆகையால் படிவத்தில் வரும் ஒவ்வொரு விவரமும் மெயிலாகப் போவதற்கு முன் தரவுத்தளத்தில் பதிவாக வேண்டும். தளம் செய்து தருபவரிடம் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒவ்வோர் அப்டேட்டுக்குப் பிறகும் ஒரு ஜிமெயிலுக்கும், வேறு நிறுவனத்தின் மெயில் ஒன்றுக்கும் சோதனைக் கடிதம் போய்ச் சேர்ந்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர்,
கோயம்புத்தூர்