டேப்புக்குள் வராத மீன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பவளப்பாறை மீன் கணக்கெடுப்புக் கட்டுரையில், அளவு டேப்பை விரித்து அதையொட்டி நீந்தி எண்ணும் முறை தெளிவாக இருந்தது. கிளி மீனுக்கும் களவாவுக்கும் அது போதும். ஆனால் அந்த எண்ணிக்கையைப் ‘பாறையின் மொத்த மீன்வளம்’ என்று எழுதியதுதான் இடிக்கிறது. வளர்ந்த பிறகும் 5 சென்டிமீட்டரைத் தாண்டாத உளுவைகளும் பிளென்னிகளும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. பாறையின் நிறமே அவற்றின் நிறம். ஆள் நிழல் பட்டதும் துளைக்குள் போய்விடும்.

இவற்றை எண்ண நீந்தக் கூடாது, ஒரே இடத்தில் மண்டியிட வேண்டும். அரை சதுர மீட்டருக்கும் குறைவான இடம் போதும். 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைக் கூடாரம்போல் ஒரே வீச்சில் கவிழ்த்து, விளிம்பைச் சங்கிலியால் அழுத்தி, மேலே தார்ப்பாய் போர்த்த வேண்டும். மீன்களை மயக்கும் மருந்து கிராம்பு எண்ணெய். அது தண்ணீரில் கரையாது. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு எத்தனால் கலந்து, பிதுக்கும் பாட்டிலால் இடுக்குகளில் செலுத்த வேண்டும். சில நிமிடங்களில் மீன்கள் மயங்கும். பிறகு டார்ச் அடித்து, விரற்கடை விரற்கடையாகத் தேடிச் சாமணத்தால் பொறுக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் சங்கிலியில்தான். பவளக் கிளைமேல் அது தூக்கிக்கொண்டு நின்று விரல் நுழையும் சந்து விட்டால், மீன் அந்த வழியே போய்விடும். நீரோட்டம் இருந்தால் மருந்து தங்காது, தார்ப்பாய் அதற்காகத்தான். துளைக்குள்ளேயே மயங்கிக் கிடப்பவை தானாக வெளியே வராது என்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் எண்ணிக்கை குறையும். மருந்து மிஞ்சினால் பவளத்துக்குக் கேடு. அனுமதி பெற்று, அளவாகச் செலுத்தி, முடிந்ததும் நீரை விசிறிக் கலைத்துவிட வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட்டாலும் கிடைப்பது சில கிராம் மீன்தான். ‘இதற்கா இந்தப் பாடு?’ என்று தோன்றும். எவியோட்டா சிகில்லாட்டா என்ற உளுவையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் அதன் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லில் நாளுக்கொன்றாகப் படியும் வளையங்களை எண்ணியதில், அதிகபட்ச ஆயுளே 59 நாள் என்று தெரிந்தது. முதல் மூன்று வாரம் லார்வாவாகத் திறந்த நீரில் போகிறது. முதிர்ந்த பிறகு முட்டையிட மிஞ்சுவது மூன்றரை வாரம்தான். பிறப்பதும் இரையாவதும் அவ்வளவு வேகம். பாறையில் இரையாகும் மீன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு இத்தகைய சிறுமீன்களே என்று 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கல்லாவில் இந்த நிமிடம் கிடக்கும் சில்லறையை எண்ணி நாள் வியாபாரத்தைச் சொல்ல முடியாது அல்லவா?

எல்லோரும் வலையும் கிராம்பு எண்ணெயுமாக இறங்க வேண்டும் என்பதில்லை. அட்டவணைத் தலைப்பில், எத்தனை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மீன்கள் எண்ணப்பட்டன என்ற ஒரு வரியைத் திருத்தமாக அடுத்த இதழில் வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
கடலடி மீன் கணக்கெடுப்பில் உள்ள வாசகர்கள்