ரோட்டரிக்கு செட் ஆகும்னு வித்தீங்க, ஆர்பிஎம் டபுளா காட்டுது சார்

கஸ்டமர் கேர் மேனேஜருக்கு,

வணக்கம் சார். மதுரை கப்பலூர் சிட்கோ பக்கம் பட்டறை வச்சிருக்கேன். ரேஸுக்குன்னே ரெடி பண்ற பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-7 ஒண்ணு இருக்கு, பிஸ்டனுக்குப் பதிலா ரெண்டு முக்கோண ரோட்டர் சுத்துற 13பி ரோட்டரி இன்ஜின், அதுக்குத்தான் உங்க டிஜிட்டல் டேஷ் (மீட்டர் டிஸ்ப்ளே) வாங்கி மாட்டினோம். பாக்ஸ் மேலயே ரோட்டரிக்கு செட் ஆகும்னு பெருசா போட்டிருந்துச்சு, அத நம்பித்தான் காசு போட்டது.

மெனுல 2 ரோட்டர்னு வச்சா ஐடிலிங்லயே 2400 காட்டுது, லேப்டாப்ப சொருகி இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூல பாத்தா 1200தான். அப்ப 8500க்கு வச்ச, கியர் மாத்தச் சொல்ற ஷிஃப்ட் லைட்டு 4250லயே எரியுது, அத நம்பி டிரைவர் தம்பி கியர மாத்துனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது. 4 சிலிண்டர் 4 ஸ்ட்ரோக்னு மாத்தி வச்சேன், கரெக்ட்டா வந்துருச்சு.

உங்க ஆளுங்க ரெண்டு ரோட்டர்னா ரெண்டு சிலிண்டர்னு கணக்கு போட்டுட்டாங்க போல. ரோட்டர் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (நம்ம கிராங்க் ஷாஃப்ட் மாதிரி) மூணு சுத்து போயிரும், ரோட்டருக்கு மூணு பக்கம், ஆக ஷாஃப்ட்டோட ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ரோட்டர் ஒரு தடவ ஃபயர் ஆகும், ரெண்டு ரோட்டருக்கு ரெண்டு. 4 சிலிண்டர் 4 ஸ்ட்ரோக்கும் சுத்துக்கு ரெண்டு தடவதான ஃபயர் ஆகும், இது அப்படியே அந்தக் கணக்குதான. நேத்து வந்த இன்ஜினா சார் இது, 1991லயே மஸ்தாவோட 4 ரோட்டர் ரேஸ் கார் 787பி, லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ ஜெயிச்சுருச்சு.

சரி 4 சிலிண்டர்லயே ஓட்டலாம்னா அதுல மெயின் பேஜ்ல ஆயில் டெம்பரேச்சரே இல்ல, மூணாவது பேஜ்ல ஒளிஞ்சு கிடக்கு. ரோட்டர உள்ளுக்குள்ள குளுர வைக்கிறதே ஆயில்தான் சார், அது ஏறுறத டிரைவர் பட்டன் அமுக்கித் தேடிக்கிட்டு இருக்க முடியுமா? தண்ணி டெம்பரேச்சரும் அப்படித்தான், அலுமினியமும் இரும்பும் மாத்தி மாத்தி அடுக்குன இன்ஜின், ஓவர்ஹீட் ஆனா நடுவுல இருக்க வாட்டர் சீல் போயிரும், அப்புறம் மொத்தமா பிரிக்கணும்.

இதையெல்லாம் விட மோசம் எக்சாஸ்ட் டெம்பரேச்சர் அலாரம். 850 டிகிரில லாக் பண்ணி வச்சிருக்கீங்க, மாத்தவே முடியல. இந்த இன்ஜின்ல எக்சாஸ்ட் வால்வே கிடையாது, போர்ட் (புகை போற ஓட்டை) திறந்ததும் நெருப்பாவே வெளிய வரும், ஃபுல் த்ராட்டில்ல 900 தாண்டுறது சாதாரணம். அதனால கோயம்புத்தூர் செட்டிபாளையம் ரேஸ் டிராக்ல லேப் முழுக்க சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, தம்பியும் அத கண்டுக்கிறத விட்டுட்டான். ஆயில் பிரஷர் விழுந்தாலும் அதே சிவப்பு லைட்டுதான எரியும், அன்னைக்கு எவன் பாப்பான்? இன்ஜின் போனா நீங்களா வாங்கித் தருவீங்க?

உங்க ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டா, ரோட்டர் முனையில இருக்க அபெக்ஸ் சீல் போயிருக்கும் இன்ஜின பிரிச்சுப் பாருங்கன்னு கூசாம சொல்றாங்க. கம்ப்ரெஷன் பாத்தாச்சு, நல்லாத்தான் இருக்கு. மீட்டர் தப்பா காட்டுனதுக்கு இன்ஜின பிரிக்கச் சொல்ற ஊரு எங்கயாவது உண்டா.

ரோட்டர் கணக்க சரி பண்ணி அப்டேட் குடுங்க, அலாரம் லிமிட்ட நாங்களே வச்சுக்கிற மாதிரி லாக்க எடுங்க, ஆயில் பிரஷரும் டெம்பரேச்சரும் முதல் பேஜ்ல வரணும். முடியாதுன்னா டேஷ திருப்பி எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் குடுத்துருங்க, கூப்பன்லாம் வேணாம். டேஷும் ஈசியூவும் பதிவு பண்ண டேட்டா ரெண்டையும் இந்த மெயில்லயே அனுப்பிருக்கேன், அத பாத்துட்டு கூப்பிடுங்க, ஆனா ரோட்டரி தெரிஞ்ச ஆளு யாராவது பேசட்டும்.