பின் நம்பரை மட்டும் வாங்காதே

அன்புள்ள மகளுக்கு,

வெளியே நடமாட முடியாத அந்த அம்மாவுக்கு இனி நீதான் பணம் எடுத்துக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் உன்னிடமே கொடுத்துவிடுகிறேன் என்கிறாரே, அதற்கு மட்டும் சம்மதிக்காதே. சரியான நம்பர் போட்டு எடுத்த பணத்தையெல்லாம் அவரே எடுத்ததாகத்தான் வங்கிப் பதிவு காட்டும். நாளைக்கு வேறு எவனோ திருடினாலும், "நம்பரை யாரிடமாவது சொன்னீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆமாம் என்றால் இழப்பு பெரும்பாலும் அவர் தலையில், சந்தேகம் உன் தலையில்.

ரொக்கம் எவ்வளவு வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். வாடகை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிட்டால், மிஞ்சுவது வேலைக்கு வருகிறவர்களின் கூலியும் சில்லறைச் செலவும்தான்.

அவருக்குப் போனில் பணம் அனுப்பத் தெரியும் என்றால் வேலை சுலபம். உன் கணக்குக்கு அவரே அனுப்பட்டும். வந்து சேர்ந்த பிறகு உன் கார்டில் அதே தொகையை எடுத்துக் கொடு. முதலில் உன் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தால், யார் யாருக்குத் தர வேண்டும் என்பதே சீக்கிரம் குழம்பிவிடும். ஓ.டி.பி. வந்தால் அவரே பார்த்து அவரே போடட்டும்.

போன் பழக்கம் இல்லையென்றால் காசோலை. உன் பெயருக்கு எழுதி, இடது மூலையில் இரண்டு கோடு போட்டுத் தரச் சொல். கோடு போட்டது கணக்கில்தான் விழும். வழியில் தொலைந்தாலும் எடுத்தவன் கவுண்டரில் நீட்டிக் காசாக்க முடியாது. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது பின் நம்பரை வாங்குவதைவிட மோசம். காசோலையில் பெரும்பாலும் தகராறு செய்வது கையெழுத்துதான். கை நடுங்க ஆரம்பித்த பிறகு போடுவது, என்றைக்கோ கொடுத்த மாதிரியோடு ஒத்துப்போகாது, காசோலை திரும்பிவிடும். மாதிரிக் கையெழுத்தை மாற்ற வேண்டும் என்று கிளைக்குச் சொல்லச் சொல். வர முடியாதவர்களின் வீட்டுக்கு அலுவலரை அனுப்பும் வங்கிகள் உண்டு. ரொக்கத்தையும் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பார்களா என்று அப்போதே கேட்கட்டும். கொடுப்பார்கள் என்றால் நீ நடுவில் நிற்கவே வேண்டாம்.

தொடர்ந்து நீயே செய்வதானால், அவர் கணக்கில் உனக்கு எழுத்து மூலம் அதிகாரம் தரும் படிவம் இருக்கிறதா என்று விசாரி. சில வங்கிகள் உன் பெயரிலேயே தனி கார்டு, தனி நம்பர் தரும். அதையும் பெரிய கணக்கில் வைக்காமல், சின்னதாக ஒரு கணக்கு திறந்து வாரச் செலவு மட்டும் அதில் வந்து விழும்படி வைத்தால், எது தவறினாலும் நஷ்டம் ஒரு வாரத்தோடு நிற்கும். கூட்டுக் கணக்கு என்று அன்போடு கேட்பார், மறுத்துவிடு. உன் கடனுக்கு அவர் பணம் பிடிபடலாம். அவர் காலத்துக்குப் பிறகு சொந்தக்காரர்களோடு வழக்கும் வரலாம்.

கொடுக்கும்போது அவர் கண் எதிரே எண்ணு, பிறகு அவரும் எண்ணட்டும். பெரிய நோட்டாகக் கொடுக்காதே; மாற்றுவதற்கு இன்னொருவர் கையில் போகும். பார்வை மங்கலாக இருந்தால் ஒவ்வொரு வகை ரூபாய் நோட்டுக்கும் ஒரு உறை போடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தொகை, இருவர் கையெழுத்து, பக்கத்தில் பணம் எடுத்தபோது வந்த ஏ.டி.எம். சீட்டு. சீட்டின் மை மங்கிவிடும், அதனால் தொகையைப் பேனாவால் எழுது. அந்த நோட்டை அவர் பிள்ளையோ உறவினரோ மாதம் ஒருமுறை பார்க்கட்டும். சங்கடமாக இருந்தாலும் நீயே போய்க் காட்டு.

வங்கியிலிருந்தோ போலீஸிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, கார்டை வாங்க ஆள் வருவார் என்று யாராவது சொன்னால் அது மோசடி. எந்த வங்கியும் அப்படி ஆள் அனுப்பாது. போனை வைத்துவிட்டு உன்னைக் கூப்பிடச் சொல்.

மறதி தட்ட ஆரம்பித்தால் இதெல்லாம் போதாது. பல நாடுகளில், தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் சாதாரணப் பவர் பத்திரம், எழுதியவருக்கு விவரம் புரியாமல் போன அன்றே செல்லாததாகிவிடும். அதற்குப் பிறகும் நீடிக்கிற வகை அங்கே உண்டா என்று ஒரு வக்கீலிடம் இப்போதே கேட்கச் சொல், தெளிவாக இருக்கும்போதுதான் எழுத முடியும். எந்தப் பத்திரமானாலும் அவர் உயிரோடு இருக்கும்வரைதான். அதன் பிறகு, ஈமச் செலவுக்கென்றாலும் அந்தக் கார்டைத் தொடாதே. வங்கிக்குத் தகவல் மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா