வண்டியிலா இருக்கிறாய்?

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. சின்னவள் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி காலேஜுக்குப் போய் வருகிறாள். ஸ்கூட்டி கேட்டு நச்சரித்ததை விட்டுவிட்டாள், எனக்கு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹார்ன் சத்தம் கேட்டது, சட்டென்று வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை, பயம்.

எங்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு உனக்குத் தெரியாததா? ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். போன வாரம் எர்ணாவூர் பக்கம் ஒரு பையன், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி, தலையை இடது தோளில் சாய்த்துப் பேசிக்கொண்டே ஒரு டிரெய்லரின் இடப்பக்கம் நுழைந்தான். அதே நேரம் லாரி இடது பக்கம் ஒடித்தது. அவ்வளவு உயரத்தில் இருக்கும் டிரைவருக்கு இடது கதவை ஒட்டிக் கீழே வருகிறவன் தெரிய மாட்டான். கிளீனர் கதவைத் தட்டிக் கத்துகிறார், டீக்கடையில் நின்ற நாங்களும் கத்துகிறோம். அவன் காதில் ஏறவே இல்லை. டிரைவர் பிரேக் அடித்ததால் பிழைத்தான். சக்கரத்துக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழம் இருக்காது. கீழே விழுந்த போனில் அழைப்பு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பேசியவருக்கு இங்கே நடந்தது எதுவும் தெரிந்திருக்காது. அதுதான் இன்னும் என் மனதை அறுக்கிறது.

புளூடூத்தில்தானே பேசுகிறேன் என்பாய். கை சும்மா இருந்தாலும் புத்தி பேச்சில்தானே இருக்கும்? போன் பேசியபடி ஓட்டினால் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் குறுக்கே ஆள் வந்தால் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு ரோடு தெரியாதே! மெசேஜ் பார்ப்பது இன்னும் மோசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர் ரோட்டையே பார்க்காமல் போய்விடுகிறோம்.

நம் தமிழ்நாட்டில் கையில் போனுடன் ஓட்டி முதல் தடவை பிடிபட்டால் 1,000 ரூபாய் அபராதம், மறுபடி என்றால் 10,000. ஆனால் போலீஸ் ஓட்டுகிறவரைத்தான் பிடிக்க முடியும், கூப்பிடுகிறவரை யார் பிடிப்பது? அதனால் எங்கள் வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "வண்டியிலா?" ஆமாம் என்றால் உடனே வைத்துவிட வேண்டும், எவ்வளவு அவசரமானாலும் சரி.

அப்புறம், பொங்கலுக்குக் காரில்தானே வருகிறாய்? கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல். வந்து சேரும்வரை இங்கிருந்து யாரும் கூப்பிட மாட்டோம். வழியில் டீ குடிக்க நிறுத்தினால் நீயே பேசு.

அன்புடன்,
குமார்