இரண்டு வீட்டுக்கும் பழைய பெயர்

கண்ணம்மா,

பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று நீ அனுப்பிய பெயர்ப் பட்டியலை வந்த அன்றே படித்துவிட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லையே என்று அம்மாவுக்குக் கோபம். போனில் பேசியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் பெயர் விஷயத்தில் ஒருமுறை அவசரப்பட்டவன் நான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினொரு பெயர்கள். எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து. எதிலும் நாக்கு இடறவில்லை. தமிழில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஜெர்மனிலும் சுளிக்க மாட்டார்கள். "ரெண்டு பக்கமும் ஓடும்பா" என்று கீழே எழுதியிருக்கிறாய். ஓடும்தான். ஆனால் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது எனக்கு ஒரு குறை தெரிந்தது. அந்தப் பெயரோடு வாழ்ந்து முடித்த ஒரு கிழவி நம் பக்கத்திலும் இல்லை, மாப்பிள்ளை பக்கத்திலும் இல்லை. யாருக்கும் அந்நியமாகிவிடக் கூடாது என்று தேடித் தேடி, யாருக்கும் சொந்தமில்லாத பெயர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டு மொழியிலும் பழையதாக இருக்கிற ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நீ ஏன் இவ்வளவு பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பெயரின் நடுவில் ழகரத்தை வைத்தது நான். சான்றிதழில் அதை 'இஸட் எச்' போட்டு எழுதினேன், நாமெல்லாம் அப்படித்தானே எழுதுகிறோம் என்று. ஜெர்மன்காரர் இஸட்டைக் கண்டால் 'ட்ஸ்' என்று படிப்பார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நாங்கள் உன்னிடம் வந்திருந்தபோது ஓர் அலுவலகத்தில் காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? உள்ளேயிருந்து யாரையோ மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறைதான் நீ எழுந்து போனாய். உன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று எனக்கு அதுவரை விளங்கவே இல்லை. பெயர் வைத்தவனுக்கே பெயர் அடையாளம் தெரியவில்லை. அந்த எழுத்தின் மேல் எனக்குள்ள ஆசை இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் ஆசைப்பட்டது நான், இத்தனை வருடமாக அதைச் சுமந்துகொண்டிருப்பது நீ. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

அதனால் இந்த முறை எழுத்திலிருந்தே தொடங்கினேன். மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்ததை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். ஜெர்மனில் ஜே என்றால் 'ய'. நம் ஜானகி அங்கே யானகி ஆகிவிடுவாள், ஜெயா யேயா ஆகிவிடுவாள். 'வி' எழுத்தை ஒரு சொல்லில் வ என்கிறார்கள், இன்னொரு சொல்லில் ஃப என்கிறார்கள். உயிரெழுத்துக்கு முன் 'எஸ்' வந்தால் அதிர்ந்து வருகிறது, ஆகவே சீதாவும் நம் சீதா மாதிரி ஒலிக்காது. ஆங்கில வழக்கத்தில் ஈகார ஒலிக்கு நாம் இரண்டு 'ஈ' போடுகிறோம். அவர்கள் அதை ஏகாரமாகப் படிக்கிறார்கள். இதை மறந்துவிடாதே, பின்னால் இதற்கு வருகிறேன்.

நம் பக்கத்துக் கஷ்டமும் சின்னதில்லை. சொல்லின் முதலில் ர, ல, ட வரக்கூடாது என்பது தொல்காப்பியக் காலத்து இலக்கணம். அதனால்தான் இராமன் என்றும் இலக்குவன் என்றும் முன்னால் ஓர் இகரம் சேர்த்து எழுதினார்கள். இன்றைக்கு ரமேஷும் லதாவும் சாதாரணம், அது போகட்டும். இரண்டு மெய் ஒட்டிக்கொண்டு தொடங்கும் பெயர் இன்னமும் நம் வாய்க்குச் சுளுவாக வருவதில்லை. மாப்பிள்ளைக்குப் பிடித்த ஃப்ரீடாவை அம்மா பத்து முறை சொன்னாள். பத்து முறையும் 'பிரீடா' என்றுதான் வந்தது. பாவம், அவளுக்கே வருத்தம்.

பொருள் மோதுவது இன்னொரு சங்கடம். கமலா என்றால் நமக்குத் தாமரை. பின்னிஷ் மொழியில் அதே ஒலிக்கு 'பயங்கரம்' என்று பொருள். மாலா ஸ்பானிஷில் 'கெட்டவள்' ஆகிவிடும். எல்லா மோதலும் கெடுதலாகவே இருக்கும் என்றில்லை. ரவி என்று பிரெஞ்சில் சொன்னால் 'மகிழ்ந்தவன்'. லீலா என்று ஒரு நல்ல பழைய பெயர் என் மனசில் இருந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டேன், அது ஊதா நிறத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லாம். அசிங்கமில்லைதான். ஆனாலும் பெயிண்ட் டப்பாவில் அச்சடித்த சொல்லை என் பேத்திக்கு வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கிருந்து இங்கே வருகிற பெயர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டும். அன்னா அவர்களுக்கு எவ்வளவு அழகான பழைய பெயர்! அதை ஆங்கில எழுத்தில் எழுதி நம் வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டுப் பார், அத்தனை பேரும் 'அண்ணா' என்றுதான் படிப்பார்கள். உன் பட்டியலில் நான்காவதாக இருக்கிற எல்லா என்ற பெயரும் அப்படித்தான். "எல்லா எங்கே?" என்று ஒரு குழந்தையைத் தேட முடியுமா, சொல்.

நடுவில் எனக்கு வேறொரு வழியும் தோன்றியது. ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தால் என்ன? தமிழில் இது பல காலமாக நடந்துவருவதுதான். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் 'சிறியவர்' என்று பொருள் பார்த்து, தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவானின் பெயருக்குள் இறைவனின் அருள் இருக்கிறது என்று அவரை அருளப்பர் என்றார்கள். கேட்டால் நம் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி இருக்கிறது! அதே வழியில் போனால் ஃப்ரீடா நம் சாந்தி, இரண்டிலும் அமைதிதான் பொருள். மார்கரெட்டே கிரேக்கத்தில் முத்து, ஆகவே நம் முத்தம்மாள். அகாத்தே நல்லவள், ஆகவே நல்லம்மாள். ஒரு மாலைப்பொழுது முழுக்க நானும் அம்மாவும் இப்படியே ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தோம். உன் அம்மா அவ்வளவு சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

ஆனால் அது பள்ளிக்கு ஒரு பெயர், பாட்டிக்கு ஒரு பெயர் என்று ஆகிவிடும். பல குடும்பங்களில் அது நன்றாகவே நடக்கிறது, தப்பு சொல்ல மாட்டேன். என் ஆசை வேறு. தூக்கத்தில் யார் கூப்பிட்டாலும், எந்தப் பக்கத்துப் பாட்டி கூப்பிட்டாலும், பிள்ளை ஒரே ஒலிக்குத் திரும்ப வேண்டும்.

இப்போது என் பெயருக்கு வருகிறேன். மீனா.

சிரிக்காதே, கொஞ்சம் கேள். உன் அப்பத்தா ரேஷன் கார்டில் மீனாட்சி, எல்லார் வாயிலும் மீனா. ஜெர்மனிலும் மீனா ஒரு பழைய பெண் பெயர். வில்ஹெல்மினா, ஹெர்மினா போன்ற நீளப் பெயர்களின் செல்லச் சுருக்கம். நம் பெயர் தலைப்பக்கத்தை வைத்துக்கொண்டு வாலை விட்டது. அவர்கள் பெயர் தலையை விட்டு வாலை வைத்துக்கொண்டது. இரண்டும் வந்து நின்ற இடம் ஒன்று. பொருளில் சொந்தமே கிடையாது. வில்ஹெல்மினாவின் முதல் பாதியில் மன உறுதியும் அடுத்த பாதியில் தலைக்கவசமும் இருக்கின்றன. நம்முடையது கயல் போன்ற கண். இந்தப் பெயரே ஏற்கனவே இரண்டு மொழியில் வாழ்ந்த பெயர்தான். வடமொழியில் மீனாட்சி, தமிழில் அங்கயற்கண்ணி. போதாததற்கு, பழந்தமிழில் மீன் என்றால் விண்மீனும்தான். கார்த்திகையை அறுமீன் என்றார்கள், அருந்ததியை வடமீன் என்றார்கள். ஒரு சின்னப் பெயருக்குள் கடலும் வானமும் ஒரு போர்வீரனின் கவசமும் இருக்கின்றன என்று பிள்ளைக்குக் கதை சொல்லலாம். பல இரவுக்கு வரும்.

வேற்றுமை உருபு சேர்த்தும் பார்த்துவிட்டேன். மீனாவை, மீனாவுக்கு, மீனாவோடு. தமிழில் ஒரு பெயர் வாழ வேண்டுமானால் இந்த உருபுகளையெல்லாம் இயல்பாக ஏற்க வேண்டும். 'மேக்ஸுக்கு', 'மேக்ஸோடு' என்று சொல்லிப் பார், வித்தியாசம் தெரியும். ஜெர்மனில் கொஞ்சலாகக் கூப்பிட 'மீன்ஷென்' என்பார்களாம், மாப்பிள்ளை சொன்னார். நாம் 'மீனும்மா' என்போம். எழுதும்போது மட்டும் கவனம். எம், ஐ, என், ஏ, நான்கே எழுத்து. இரண்டு 'ஈ' போட்டாயோ, அங்கே அவள் 'மேனா' ஆகிவிடுவாள். நான் செய்த அதே தவறை நீயும் செய்த மாதிரி ஆகிவிடும்.

பழைய பெயர் வைத்தால் பள்ளியில் கேலி செய்வார்களோ என்று நீ கேட்டிருந்தாய். அம்மா, அத்தை வயதுக்காரர்களின் பெயர்தான் பழசு என்று படும். இன்னும் இரண்டு தலைமுறை பின்னால் போனால் அதுவே புதுசாகக் கேட்கும். அங்கே எம்மா, ஈடா, எமில், அன்டன் என்று கொள்ளுப்பாட்டி, கொள்ளுத்தாத்தா காலத்துப் பெயர்களெல்லாம் தொட்டிலுக்குத் திரும்பி வந்துவிட்டன. நம்மிடம் கோமதியும் சிவகாமியும் இன்னும் திரும்பவில்லை. திரும்புவார்கள் என்று நினைக்கிறேன்.

ஆண் பிள்ளையாக இருந்தால் நாதன். சுவாமிநாதன், விசுவநாதன் என்று வாலாகவே இருந்த பெயர், தனியாக வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் நாம் எழுதும் அதே ஆறு எழுத்தில் ஜெர்மனிலும் ஒரு நாதன் உண்டு. எபிரேயத்திலிருந்து வந்தது, 'கொடுத்தார்' என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் தாவீது ராஜாவிடம் வந்து துணிந்து உண்மையைச் சொல்கிற தீர்க்கதரிசி நாத்தான் அவர்தான். அவர்கள் வாயில் தகரம் டகரமாகி 'நாட்டன்' என்று விழும். அந்த அளவு நெளிவைத் தாங்கலாம். உன் பெயர் படுகிற பாட்டோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் பதிவு செய்ய மாட்டார்கள் என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியதாகச் சொன்னாய். 2008 டிசம்பரிலேயே ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. ஒரு பெண் குழந்தைக்குக் கிரண் என்று வைக்கத் தடை போட்ட வழக்கு அது. பெயரே பாலினத்தைச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பானது. மீனாவுக்கு அந்தக் கவலை எப்படியும் கிடையாது. உன் பட்டியலில் வேறு ஒன்றிரண்டுக்கு இருக்கலாம் என்பதால் சொன்னேன்.

இது என் அம்மாவின் பெயர் என்பதற்காகக் கேட்கிறேன் என்று உனக்குத் தோன்றும். அதற்காகவும்தான் கேட்கிறேன், மறைக்க மாட்டேன். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி, பெயரைத் தாங்குகிறவள். அப்பத்தா போன பிறகு இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகக் கூப்பிடவில்லை. ஆனால் உன் மாமியார் பக்கத்துக்கும் அது சொந்தமாக இல்லாவிட்டால் நான் கேட்டே இருக்க மாட்டேன். எங்கள் பக்கத்துப் பெயரை அவர்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

அதனால் ஒன்று செய். சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல்லி, அவர் காதுக்கு மீனா ஒரு பாட்டியின் பெயராகக் கேட்கிறதா என்று கேள். 'ஆமாம், ரொம்பப் பழசு' என்று சொன்னால் எனக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. பிறகு மாப்பிள்ளையை மாடியில் நிற்கச் சொல்லி, அந்தம்மாவைக் கீழேயிருந்து அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடச் சொல். அதைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. பிடிக்கவில்லை என்றாலும் அனுப்பு, வேறு பெயர் தேடுவோம். பெற்றவர்கள் நீங்கள் இரண்டு பேரும், முடிவு உங்களுடையது.

அம்மா குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். இரண்டு நாளாக "மீனாவுக்குக் கை நீளம் போதுமா?" என்று என்னிடம் அளவு கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் முடிவாகவில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

அப்பா